72 வயதில் தொடங்கியதல்ல: மேரி டெலானியின் காகிதப் பூக்கள்

இன்றைய எபிசோடை என்னுடைய ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காகிதத்தில் ஒரு செம்பருத்தி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். நிஜப் பூ மாதிரியே இருக்கணும், அதுதான் ஆசை. சிவப்புத் தாள், கத்தரிக்கோல், ஃபெவிகால், கொஞ்சம் கம்பி. இதழ் ஐந்து என்று தெரியும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலும் தெரியும். நாலு இதழ் ஒட்டியாச்சு. ஐந்தாவதை எப்படி ஒட்டினாலும் பஸ் டாஷ்போர்டில் வைக்கிற பிளாஸ்டிக் பூ மாதிரிதான் இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை. கடைசியில் மொட்டை மாடிக்குப் போய், தொட்டியில் இருந்த செம்பருத்தியைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இதழின் ஒரு ஓரம் பக்கத்து இதழுக்கு மேலே வருகிறது, இன்னொரு ஓரம் மறுபக்கத்து இதழுக்குக் கீழே போகிறது. ஐந்தும் ஒரே திசையில் சுற்றி வந்து, கடைசி இதழ் முதல் இதழுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்கிறது. நானோ முதல் இதழை நன்றாக அழுத்தி ஒட்டி, காய்ந்தும் போயிருந்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் இதே செம்பருத்தியை பிளேடால் நீளவாக்கில் அறுத்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவன் நான். "திருகு இதழமைவு" என்ற சொல் கூட நினைவில் இருக்கிறது. சொல் இருந்தது, பூவை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

எனக்கு இந்த வேண்டாத வேலையை இழுத்துவிட்டவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஆங்கிலப் பெண்மணி. பெயர் மேரி டெலானி. 1772ல் ஆரம்பித்து 1782 வரை, பத்து வருடத்தில் 985 செடிகளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் நாமும் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது ஓவியம் என்றுதான் நினைத்தேன். கறுப்புப் பின்னணி, ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய அளவு, நடுவில் ஒரு செடி, கிட்டத்தட்ட நிஜ அளவில். ஜூம் செய்தால்தான் தெரியும்: நரம்பு, நிழல், இதழ் மடிப்பு என்று நாம் தூரிகை வேலை என்று நினைப்பதில் பெரும்பகுதி தனித்தனியாக வெட்டி ஒட்டிய காகிதத் துண்டு. சில இடங்களில் மட்டும் லேசாக நீர்வண்ணம் தொட்டிருக்கிறார்.

இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை சொல்வார்கள். கணவனை இழந்த மூதாட்டி, 72 வயதில், ஒரு நாள் மேஜையில் கிடந்த சிவப்புக் காகிதத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் அதே சிவப்பில் ஒரு ஜெரேனியம் பூ, கத்தரிக்கோலை எடுக்கிறார், ஒரு புதுக் கலை பிறக்கிறது. நீதி: எந்த வயதிலும் தொடங்கலாம். காலையில் வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்தோடு வர வேண்டிய கதை.

ஜெரேனியம் சம்பவம் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதை அவருடைய முதல் 72 வருடத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறது. அந்த 72 வருடத்தைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

1700ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் பிறந்தார், மேரி கிரான்வில் என்ற பெயரில். நல்ல குடும்பம், ஆனால் பணமில்லாத கிளை. சின்ன வயதிலேயே காகிதத்தில் பூவும் பறவையும் வெட்டுவார். கூடப் படித்த ஒரு சிறுமி அதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வாளாம். ஆக, கத்தரிக்கோல் கைக்கு வந்தது 72 வயதில் இல்லை.

17 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை அலெக்சாண்டர் பெண்டார்வ்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர், ஏறக்குறைய 60 வயது. லார்ட் லான்ஸ்டவுன் என்ற பெரியப்பா முறை உறவினர் அரசியல் லாபத்துக்காகப் பேசி முடித்த சம்பந்தம். மேரிக்குத் துளியும் விருப்பமில்லை, மறுத்தால் பெற்றோருக்கு நஷ்டம் என்று சம்மதித்தார். பிற்காலத்தில் இதைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைப் படித்தால் கல்யாண நாளை ஒரு பலியாகத்தான் நினைத்தார் என்று தெரியும். கார்ன்வாலில் பழைய இருண்ட வீடு, குடிக்கிற கணவர், கீல்வாதம், சந்தேகம். ஏழு வருடம். 1725 வாக்கில் கணவர் தூக்கத்திலேயே இறந்தார். உயிலை இவருக்குச் சாதகமாக மாற்றி எழுதாமலே போய்விட்டார். எனவே விதவைக்குப் பெரிய சொத்து கிடைக்கவில்லை, ஆனால் யாரையும் கேட்காமல் வாழ்கிற அளவுக்கு ஒரு சின்ன வருமானம் கிடைத்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு விதவைக் கோலம்தான் சுதந்திரம் என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமாகிறது. தகப்பன் சொத்தும் இல்லை, கணவன் சொத்தும் இல்லை, அவளே ஒரு ஆள். நம்ம ஊரில் அதே காலத்தில் விதவை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

அடுத்த 18 வருடம் லண்டனில். இசையமைப்பாளர் ஹாண்டல் பக்கத்து ஆள், இவர் வீட்டில் வந்து வாசித்திருக்கிறார். ஓவியர் ஹோகார்த் தனக்குச் சில பாடங்கள் சொல்லித்தருவதாக வாக்களித்தார் என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இந்தக் காலத்தில்தான், 1740 வாக்கில், அரசவைக்கு அணிய ஒரு கறுப்புப் பட்டு உடை. அதில் பூத்தையல். அதை நீங்கள் பார்க்கணும். வழக்கமான தையல் பூ மாதிரி ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வராது. ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய பூ, கறுப்புப் பின்னணியிலிருந்து எழுந்து வருகிறது. 30 வருடம் கழித்துக் கறுப்புத் தாளில் அவர் செய்யப் போவதை இங்கே நூலில் செய்து பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1743ல் இரண்டாம் கல்யாணம், இந்த முறை அவரே விரும்பி. பாட்ரிக் டெலானி, அயர்லாந்து பாதிரியார், எழுத்தாளர் ஸ்விஃப்டின் நண்பர். குடும்பத்தில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அந்தஸ்து குறைவு என்று. டப்ளினுக்குப் பக்கத்தில் டெல்வில் என்ற வீட்டில் 25 வருடம். தோட்டம், தையல், ஓவியம், சிப்பி வேலை. வீட்டிலிருந்த சின்ன தேவாலயத்தின் கூரையைச் சிப்பிகளால் அலங்கரித்தார், பார்ப்பவர்கள் சுண்ணச் சுதை வேலை என்று நினைக்கும்படி. கவனியுங்கள், ஒரு பொருளை வைத்து இன்னொரு பொருள் போலத் தோன்ற வைப்பது. இதெல்லாம் பயிற்சிதான். அவருக்கு அது பயிற்சி என்று தெரியாது.

1768ல் டெலானி இறந்தார். மேரிக்கு 68 வயது. குழந்தை இல்லை. தங்கை போய்ச் சேர்ந்து ஏழு வருடம். அப்போது கூப்பிட்டவர் பழைய தோழி மார்கரெட் பென்டிங்க், போர்ட்லாந்து டச்சஸ். இவரும் விதவை. இங்கிலாந்திலேயே பெரிய பணக்காரப் பெண் என்று சொல்லப்பட்டவர், அந்தப் பணத்தையெல்லாம் இயற்கைப் பொருட்கள் சேர்ப்பதில் கொட்டியவர். சிப்பி, பூச்சி, பவளம், கனிமம், செடி. பக்கிங்ஹாம்ஷயரில் பல்ஸ்ட்ரோட் என்ற அவருடைய மாளிகைக்கு "தேன்கூடு" என்றே பட்டப்பெயர், அத்தனை பேர் வந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். வீட்டுப் பாதிரியாரான ஜான் லைட்ஃபுட்டே ஒரு தாவரவியலாளர். சிப்பிகளை வகைப்படுத்த லின்னேயஸின் மாணவர் டேனியல் சோலாண்டர் வருவார். பூ வரைய ஏரெட் வருவார், அந்தக் காலத்தின் தலைசிறந்த தாவர ஓவியர்.

லின்னேயஸ் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாகணும், ஏனென்றால் அவர் இல்லாமல் இந்தக் காகிதப் பூக்கள் இல்லை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ல் வெளியிட்ட நூலில் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு இரட்டைச் சொல் பெயர் கொடுத்தார். வகைப்படுத்த அவர் எடுத்த அளவுகோல் ரொம்ப எளிமை: பூவைப் பிரி, மகரந்தத்தாளை எண்ணு, சூலகத்தை எண்ணு. ஒரு தாள் இருந்தால் முதல் வகுப்பு, இரண்டு இருந்தால் இரண்டாம் வகுப்பு, இப்படி. தாள்கள் ஒன்றாக ஒட்டி ஒரே குழலாக இருந்தால் மோனடெல்ஃபியா என்று தனி வகுப்பு. நம்ம செம்பருத்தி அதில்தான் வரும். இந்த முறையைக் கண்டு முகம் சிவந்தவர்களும் உண்டு, பூவின் ஆண் பாகம் பெண் பாகத்தைப் பெண்கள் எண்ணலாமா என்று. ஆனால் இதனால் நடந்தது என்னவென்றால், பல்கலைக்கழகப் படியே மிதிக்க முடியாத ஒரு பெண், ஒரு ஊசியும் பொறுமையும் இருந்தால், அறிவியல் செய்யலாம் என்றாகிவிட்டது. இன்டர்ஃபேஸ் திறந்துவிட்டார்கள் என்று எங்கள் ஆபீஸ் பாஷையில் சொல்வேன்.

சின்ன இடைச்செருகல். டெலானி கணவனை இழந்த அதே 1768ல்தான் லின்னேயஸின் இன்னொரு மாணவர், யோஹான் கெர்ஹார்ட் கோனிக், நம்ம தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், டேனிஷ் குடியிருப்பின் மிஷன் மருத்துவராக. சோழமண்டலக் கரையில் நடந்து நடந்து, இங்கிருந்த செடிகளை இதே எண்ணிக்கை முறையில் பதிவு செய்தார். 1785ல் இறக்கும்போது தன் கையெழுத்துப் பிரதிகளை விட்டுச் சென்றது லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு. அந்தப் பேங்க்ஸ் பல்ஸ்ட்ரோடுக்கும் வந்து போகிறவர். உலகம் முழுக்க ஒரே வலை, அதில் ஒரு முடிச்சு தரங்கம்பாடி, ஒரு முடிச்சு இந்த அம்மாவின் மேஜை.

இப்போது தேதிகளைப் பாருங்க. 1769ல், 69 வயதில், வில்லியம் ஹட்சன் லத்தீனில் எழுதிய இங்கிலாந்துத் தாவர நூலை மேரி டெலானி ஆங்கிலத்தில் கையால் எழுதி முடிக்கிறார். செடி செடியாக, லின்னேயஸின் வகுப்பு வரிசையில். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது, அமெரிக்காவில் டம்பர்ட்டன் ஓக்ஸ் நூலகத்தில். 1771 கடைசியில் டச்சஸோடு பேங்க்ஸின் லண்டன் வீட்டுக்குப் போகிறார். கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றி அப்போதுதான் திரும்பியிருந்த பேங்க்ஸும் சோலாண்டரும் கொண்டுவந்த செடிகளின் ஓவியங்களைப் பார்க்கிறார். 1772ல்தான் ஜெரேனியம்.

அந்தக் காட்சி குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. மேஜையில் ஜெரேனியம், பக்கத்தில் அதே சிவப்பில் ஒரு தாள். இதழை வெட்டி வைக்கிறார். டச்சஸ் உள்ளே வந்து, ஜெரேனியத்தைப் பிய்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். காகித இதழை நிஜம் என்று நினைத்துவிட்டார். அந்த அக்டோபரில் தங்கை மகளுக்கு எழுதிய கடிதத்தில், பூக்களைப் போலச் செய்ய ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறார். ஜெரேனியமும் மோனடெல்ஃபியா வகுப்புதான். இது தற்செயல், எனக்குத்தான் இதில் ஒரு சந்தோஷம்.

சரி, எப்படிச் செய்தார்? முதலில் தாளில் கறுப்பு வண்ணம் அடித்துக் காய வைப்பார். செடி கண் முன்னால் இருக்க வேண்டும், உயிரோடு. பென்சிலில் வரைந்துகொண்டு வெட்டுகிற வழக்கம் இல்லை. பார்ப்பார், நேராக வெட்டுவார். வேண்டிய நிறம் கடையில் கிடைக்காது, எனவே தாளுக்கு அவரே நீர்வண்ணம் பூசுவார். குடும்பக் குறிப்புப்படி, சீனாவிலிருந்து வந்த கப்பல்களில் கிடைத்த தாள்களையும், சுவர்த்தாள் அச்சடிப்பவர்களிடம் சாயம் ஒழுகிக் கெட்டுப்போன தாள்களையும் வாங்கி வைத்துக்கொள்வார். அந்த ஒழுகிய சாயம்தான் இதழ்களுக்கு. ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதை எந்தத் தூரிகையும் அப்படிச் செய்யாது. அச்சகத்துக்கு அது வேஸ்ட், இவருக்கு அது சரக்கு.

ஒரு இலை என்றால் ஒரு பச்சைத் தாள் இல்லை. அடியில் அடர்பச்சை, அதன் மேல் கொஞ்சம் வெளிர்பச்சை, நரம்புக்கு மயிரிழை போல ஒரு மஞ்சள் கீற்று, பழுத்த ஓரத்துக்குப் பழுப்பு. வெளிச்சம் விழுகிற இடத்துக்குத் தனித்துண்டு, நிழலுக்குத் தனித்துண்டு. 1777ல் செய்த பாஸிஃப்ளோரா லாரிஃபோலியா என்ற கொடிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பூவின் நடுவில் வட்டமாக நூல் நூலாகக் கதிர் விரியும். அந்த ஒரு பூவில் மட்டும் 230க்கு மேற்பட்ட துண்டுகள் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். 77 வயதுக் கை. மின்விளக்கு கிடையாது. சில இடங்களில் நிஜ இலையையே ஒட்டி வைத்திருக்கிறார், பக்கத்தில் காகித இலை. எது எது என்று கண்டுபிடிக்க மியூசியம் ஆட்களே குனிந்து பார்க்கணும். சின்னக் குறும்பு அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒவ்வொரு தாளின் பின்பக்கம். அங்கே லத்தீன் பெயர், ஊர்ப் பெயர், லின்னேயஸ் வகுப்பு, செய்த தேதி, இடம், செடி யார் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. அழகுக்காக மட்டும் செய்தவர் பின்னால் இதை எழுத மாட்டார். மகரந்தத்தாள் எண்ணிக்கை சரியாக இருக்கும்படி வெட்டியிருக்கிறார், அதனால்தான் வகுப்பை நம்பி எழுத முடிகிறது. செடியைச் சிறிதும் பயமின்றி அடையாளம் சொல்லக்கூடிய நகல்கள் தான் பார்த்ததில் இவை மட்டுமே என்கிற பொருளில் பேங்க்ஸ் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உலகம் சுற்றி, அதற்கென்றே ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்த மனிதர் சொன்னது.

இப்போது கோபம் வருகிற பகுதி. லண்டனில் ராயல் அகாடமி, அதாவது ஓவியர்களின் அரசுச் சங்கம், தொடங்கியது 1768ல். 1770ல் கண்காட்சிக்கு ஒரு விதி போட்டார்கள். தையல் வேலை, செயற்கைப் பூ, வெட்டிய காகிதம், சிப்பி வேலை, இந்த மாதிரி அற்பப் பொருட்கள் எதற்கும் அனுமதி இல்லை. பட்டியலை இன்னொரு தடவை கேளுங்கள். தையல். செயற்கைப் பூ. காகிதம். சிப்பி. மேரி டெலானியின் 70 வருட வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதின மாதிரி இருக்கிறது. அவரை மனதில் வைத்து எழுதவில்லை என்பது தெரியும், பெண்கள் வீட்டில் செய்வது எல்லாவற்றையும் ஒரே வரியில் வெளியே தள்ளினார்கள். அதே அகாடமியின் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் உண்டு. அதில் மேரி மோசர் பூ ஓவியர். பூவை வண்ணத்தில் தீட்டினால் கலை, கத்தரிக்கோலால் வெட்டினால் பொழுதுபோக்கு.

அவரைப் புகழ்ந்தவர்களும் சரியாகப் பார்க்கவில்லை. அவர் இறந்த அடுத்த வருடம், 1789ல், எராஸ்மஸ் டார்வின், நமக்குத் தெரிந்த டார்வினின் தாத்தா, செடிகளின் காதல் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் டெலானிக்கு ஒரு இடம் கொடுத்து, பட்டுத் துணிப் பூ செய்கிறவராகக் காட்டிவிட்டார். தொப்பியில் செருகுகிற பூ. தாவரவியல் தெரிந்த, நல்லெண்ணம் உள்ள மனிதர்தான். பெண், பூ, கைவேலை என்றதும் மனதில் வந்த படத்தை எழுதிவிட்டார், மொட்டை மாடிக்குப் போகாத நான் மாதிரி.

இதை ஒரு ஏழைக் கலைஞரின் கதையாக ஆக்கவும் நான் விரும்பவில்லை. சமைக்க, துணி துவைக்க, மெழுகுவத்தி ஏற்ற ஆட்கள் இருந்த மாளிகையில்தான் இது நடந்தது. அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசி சார்லட்டும் கியூ தோட்டத்திலிருந்து செடி அனுப்பினார்கள். 1782ல் அவர் செய்த ஒரு பூ போர்ட்லாண்டியா கிராண்டிஃப்ளோரா, வெள்ளை எக்காளம் போல இருக்கும். டச்சஸின் பட்டத்தை வைத்தே பெயர் சூட்டப்பட்ட செடி. ஊர் ஜமைக்கா. அன்றைய ஜமைக்கா என்றால் அடிமைகளின் கரும்புத் தோட்டம். அங்கிருந்து ஒரு செடி இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டுக்கு எப்படி வந்தது என்பது தாளின் பின்பக்கத்தில் இருக்காது. இருப்பது கொடுத்தவர் பெயர் மட்டும்.

அந்த 1782தான் கடைசி வருடம். ஆயிரம் பூ என்பது அவருடைய இலக்கு. கண் மங்கிக்கொண்டே வந்தது. 985ல் நிறுத்தினார். செடிகளிடம் விடைபெற்று ஒரு சின்னக் கவிதை எழுதி வைத்துவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முடியாது என்று தெரிந்த அன்றைக்கு நிறுத்தினார், சுமாராகச் செய்து ஆயிரத்தை எட்டவில்லை. எனக்கு இந்த எண்ணை ரொம்பப் பிடிக்கும். 985.

1785ல் டச்சஸ் இறந்தார். இதற்கப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையில் யாரும் அதிகம் சொல்லாத பகுதி. டச்சஸின் சேகரிப்பு அன்றைய இங்கிலாந்தின் பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்று, அறிவியல் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒவ்வொரு சிப்பிக்கும் பெயரிட்டு முழு அட்டவணை போடுவதுதான் திட்டம், அதைச் செய்துகொண்டிருந்த சோலாண்டர் 1782லேயே பாதியில் இறந்துபோனார். 1786ல் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். 38 நாள் ஏலம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். உலகில் எங்கும் பெயரிடப்படாத சிப்பிகள் கை மாறிக் கை மாறி, எது எங்கே போனது என்றே பின்னால் தேட வேண்டியிருந்தது. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி, ஒருவர் போனதும் எல்லாம் போச்சு.

மேரி டெலானிக்கு அந்த மாளிகையிலும் இடமில்லாமல் போனது. அரசர் விண்ட்சரில் ஒரு வீடும் வருடத்துக்கு 300 பவுண்டும் கொடுத்தார். 1788 ஏப்ரலில், 88 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, இறந்தார். பூக்கள் பத்து ஆல்பங்களாக, அகரவரிசையில் அடுக்கப்பட்டு, தங்கையின் பிள்ளைகள் வழியே குடும்பத்தில் கிடந்தன. தங்கையின் கொள்ளுப்பேத்தி லேடி லானோவர் 1861, 62ல் அவருடைய கடிதங்களை ஆறு தொகுதியாகப் பதிப்பித்தார். அவருடைய உயில்படி 1897ல் ஆல்பங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அறிவியல் சேகரிப்பு சிதறியது. அகாடமி அற்பம் என்று சொன்ன காகிதம் முழுசாக, பெயரோடும் தேதியோடும் இருக்கிறது. 1776ல் கியூவில் என்ன பூத்தது, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தச் செடி யாருக்குப் போனது என்று தேடுகிறவர்கள் இன்றைக்கு அந்தப் பின்பக்கக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்தத் தாள்கள் வெளிச்சம் தாங்காது என்பதால் எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. லண்டனில் இருப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஓவிய வாசிப்பறையில் உட்கார்ந்து பார்க்கலாம். மற்றவர்களுக்கு இணையதளம். பாஸிஃப்ளோரா லாரிஃபோலியா என்று தேடுங்கள், முடிந்த அளவு ஜூம் செய்யுங்கள்.

என் செம்பருத்தியைக் கேட்டு யாராவது மெயில் அனுப்புவீர்கள், அதற்கும் இப்போதே பதில். முதல் இதழில் தண்ணீர் தடவிப் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்துவிட்டது. ஐந்து இதழையும் திரும்ப வெட்டியிருக்கிறேன். இந்தத் தடவை எதையும் முழுசாக ஒட்டவில்லை, எல்லா இதழுக்கும் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி விட்டிருக்கிறேன். குழலின் நுனியில் ஐந்து குமிழ் இருக்கிறது என்பதையும் இந்த வாரம்தான் எண்ணினேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.